கலப்பு

பிப்ரவரி. பெமிட்ஜியில் மைனஸ் இருபத்தெட்டு.
மண்டபத்தின் கடைசி மேசை என்னுடையது.
பச்சைக் கம்பளித் துண்டு, பூதக்கண்ணாடி,
பல் குத்தும் குச்சிகள், ஆறிப்போன காபி.
துப்பாக்கி ஒன்றுக்குப் பதினைந்து டாலர்.
கெட்ட செய்திக்குத் தனிக் கட்டணம் இல்லை.

ஆரின் ஹாக்டால் போர்வையைப் பிரித்தார்.
கார்பைன்.
"எல்லாம் அசல்தானா பாருங்கள், மார்லிஸ்.
அப்பா போரில் சுமந்தது."
பின்னால் தங்கை ஆர்டிஸ்
கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.

வளையத் திருகைத் தளர்த்தினேன்.
கைக்காப்பு முன்னால் நழுவியது.
குழல் மரத்தை விட்டு மேலே வந்தது.

இந்த ரகத்தைச் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர்
அதற்கு முன் துப்பாக்கியே செய்ததில்லை.
காதல் கடிதமும் கடன் கடிதமும் அடிக்கப்
பொறி செய்துகொண்டிருந்தவர்கள் குழல் கடைந்தார்கள்.
காசு போட்டால் பாடும் பெட்டிக்காரர்கள்
விசை செய்யப் போனார்கள்.
காருக்கு ஸ்டியரிங் செய்தவர்களும் வந்தார்கள்.

உடற்கூட்டில் டேட்டன் நகரத்து முத்திரை.
குழல் தட்டச்சுக்காரர்களுடையது: ஐந்து, நாற்பத்து மூன்று.
போல்ட்டின் முதுகு உருண்டை, அதனால் பிந்தியது.
சுத்தியலில் பாட்டுப் பெட்டிக்காரர்களின் எழுத்து;
குச்சியால் அழுக்கைக் கிளறிய பிறகே தெரிந்தது.
பின்குறி மாற்றியது.
கத்தி மாட்டும் கொண்டி எப்போதோ சேர்த்தது.

"அப்படியென்றால் போலியா?"

இல்லை என்றேன்.
போர் முடிந்ததும் கிடங்குகளில்
அத்தனையையும் கழற்றித் தொட்டிகளில் கொட்டி
கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள்.
எல்லாப் பாகமும் ஒரே பெயரைச் சொன்னால்தான்
கொண்டுவந்த ஆளை ஏற இறங்கப் பார்ப்பேன்.

"பொருந்தும் பாகங்களை வாங்கிப் போட்டால்?"
போடலாம். எண்ணூறு டாலர் ஆகும்.
அதற்குப் பிறகு போலி.

அவர் சிரிக்கவில்லை.
கட்டையைத் திருப்பிக் காட்டினார்.
அடிப்பக்கத்தில் நான்கு வெட்டுகள்,
நகம் நுழையும் ஆழம்.
"நான்கு ஜெர்மானியர்கள்" என்றார்.
எழுபது வயதுக் குரலுக்குள்
மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்
நெஞ்சை நிமிர்த்தினான்.

அப்பா எப்போது திரும்பினார்?
"நாற்பத்து நான்கு, மே. இடுப்பில் இரும்புத் துண்டோடு."

நான் கட்டையைப் பார்த்தபடி இருந்தேன்.
வயிறு தடித்த கட்டை அது.
அந்த மே மாதம் அது இன்னும்
ஏதோ ஒரு வால்நட் மரத்துக்குள் இருந்தது.

காபியைக் குடித்தேன்.
ஐஸ் போல இருந்தது.

"சொல்லிவிடுங்கள்" என்றாள் ஆர்டிஸ்.
பிறகு அவளே சொன்னாள்:

"தபாலில் வந்தது, அண்ணா. அறுபத்து மூன்றில். இருபது டாலர்.
நீ ஹாக்கிக்குப் போயிருந்தாய்.
அந்தப் புத்தாண்டுக்கு முந்தைய ராத்திரி
அடித்தள அறையில் டார்ச் பிடித்தேன். எனக்கு ஏழு வயது.
மீன் அறுக்கும் கத்தியால் ஒன்று வெட்டினார்.
ஒரு வருஷம் குடிக்கவில்லை என்றார்.
அடுத்த வருஷம் ஒன்று.
நான்கு தடவை டார்ச் பிடித்தேன்.
ஐந்தாவது டிசம்பரில் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்,
பேட்டரி தீரும் வரைக்கும்."

பக்கத்து மேசையில் யாரோ
பதக்கங்களுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆரின் கேட்டது இது ஒன்றுதான்:
"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"
"நீ ஜெர்மானியர்களோடு சந்தோஷமாக இருந்தாய்."

படிவத்தில் எழுதினேன்.
உடற்கூடு, டேட்டன். மற்றவை கலப்பு.
கட்டை, பிற்காலத்தது.
வெட்டுகள் என்ற வரி படிவத்தில் கிடையாது;
ஓரத்தில் எழுதினேன்:
நான்கு, ஒரே கை, ஒரே கத்தி, அசல்.
விலையில் நாற்பது டாலர் குறையும்.

குழலை மரத்தில் படுக்கவைத்து
வளையத்தை முறுக்கினேன்.
இழுவைக் கம்பி பின்னே போய் முன்னே வந்தது,
சுத்தமான சத்தம்.

அவர் போர்வையைச் சுற்றவில்லை.
நான்காவது வெட்டைத் தாண்டி
வழவழப்பாக இருந்த மரத்தில்
கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து டாலரை ஆர்டிஸ்தான் கொடுத்தாள்.
அதற்குக் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது.